லோன்றி அறையில் சல்மன் பருவம்

வெள்ளிக்கிழமை என்றால் எனக்கு மீன். மேல்வீட்டுத் தில்லையம்பலம் அண்ணைக்கு வெள்ளிக்கிழமை என்றால் சைவம். நான் பேசாலைக் கடற்கரையில் பிறந்த கத்தோலிக்கப் பெண். வெள்ளியில் இறைச்சி தொடமாட்டேன், அதனால் மீன் காய்ச்சுவேன். அவரோ வெள்ளியில் முட்டை என்ற சொல்லைக்கூட வாயில் எடுக்காதவர். அவருடைய வீட்டுக்கு அடியில் இருக்கும் பேஸ்மென்றில்தான் நான் ஐந்து வருடமாக வாடகைக்கு இருக்கிறேன். இரண்டு சமயங்களுக்கும் நடுவில் இருப்பது ஒரு காற்றுக் குழாய் மட்டும். என் சட்டியில் புளி கொதித்தால் அவருடைய சாமியறையில் சாம்பிராணிக்கு வேலையில்லை.

இந்த வருடம் ஓகஸ்டில் அவருடைய பொறுமை முடிந்தது. நவம்பர் கடைசிக்குள் வீட்டை விடவேண்டும் என்று படியில் நின்றே சொன்னார். கீழே இறங்கினால் மணம் சட்டையில் ஒட்டிவிடுமாம். முதியோர் இல்லமொன்றில் சமைத்து வாங்கும் சம்பளத்துக்கு ஸ்காபரோவில் இன்னொரு பேஸ்மென்ற் கிடைக்காது, தேடிப் பார்த்துவிட்டேன். பார்க்டேலில் இருக்கும் என் சிநேகிதி யூஜினி தன் சோபாவில் வந்து படுக்கச் சொன்னாள். ஐம்பத்தெட்டு வயதில் சோபா. அதற்கும் முதலில் அவளுடைய பூனை மனம் வைத்து எழும்பவேண்டும்.

செப்டெம்பரில் பெருமழை பெய்தது. என் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் லோன்றி அறை மூன்று படி பள்ளம். அங்கே வடிகால் வாய் பிளந்து, முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறி நின்றது. வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், உடுப்புத் தோய்க்கும் மெஷினைச் சுற்றி என் கை நீளத்துக்கு ஒரு மீன் நீந்துகிறது. சல்மன். ஊரில் செமன் ரின் என்று தகரத்துக்குள் மட்டும் கண்ட மீன். கடற்கரையில் வளர்ந்தும், அதைத் தலையும் வாலுமாகப் பார்த்தது அன்றுதான். கத்தியை எடுத்துவிட்டேன், பொய் சொல்லமாட்டேன். அதற்குள் மேலேயிருந்து எட்டிப் பார்த்த அண்ணை, நான் பழிவாங்க உயிர்மீன் கொண்டுவந்து விட்டிருக்கிறேன் என்று எங்கெல்லாமோ போன் அடித்துவிட்டார்.

மறுநாள் மீன் வரவைக் கண்காணிக்கும் அரசாங்கக் கந்தோரிலிருந்து ஒரு பெடியன் வந்தான். பெயர் ஜூலியன். இங்கேயே பிறந்த தமிழ்ப் பிள்ளை. தொடைவரை றப்பர் சப்பாத்து, கையில் தண்ணீருக்குள் படம் பிடிக்கும் கமெரா. அவன் வரும்போது மீன் மூன்றாகியிருந்தது. பார்த்துவிட்டு அவன் ஞானஸ்நானம் எடுத்தவன்போல நனைந்து நின்றான். எங்கள் தெருவே ஒரு ஓடையை மூடிக் கட்டியதாம். மூடினாலும் அது ஓடைதானாம். ஆகையால் லோன்றி அறை சட்டப்படி ஒரு கிளையாறு என்றான்.

"தம்பி, உது என்ர வீடு," என்றார் அண்ணை.

"வீடு உங்கடை, அங்கிள். ரிவர் உங்கடை இல்லை," என்றான் ஜூலியன்.

சல்மன் குஞ்சாக இருந்த தண்ணீரின் மணத்தை மறக்காது, வளர்ந்ததும் அதே மணத்தைத் தேடி ஏரியிலிருந்து திரும்பி வரும் என்று அவன் விளக்கினான். அப்படியானால் இவை இந்த வீட்டில்தான் வளர்ந்திருக்கவேண்டும். அண்ணையின் முகம் கறுத்தது. அவருடைய மகள் சுபாங்கிதான் போட்டு உடைத்தாள். நாலு வருடத்துக்கு முன் பள்ளிக்கூடத்தில் சல்மன் முட்டை பொரிக்கவைத்து, ஓடையில் விடச் சொல்லி ஆளுக்கு ஒரு வாளி குஞ்சு கொடுத்தார்களாம். அப்பாவுக்கு நேரமில்லாமல் அவை வாளியோடு லோன்றித் தொட்டியில் ஒரு கிழமை கிடந்ததாம். பிறகு, எல்லாத் தண்ணியும் ஏரிக்குத்தானே போகுது என்று அவர் வடிகாலில் ஊற்றிவிட்டாராம். சுபாங்கியின் அம்மா ஜெயமலர் அக்கா புருசனைப் பார்த்த பார்வையில் அந்த மீன்கள் பொரிந்திருக்கும்.

ஜூலியன் வாசலில் அறிவித்தல் ஒட்டினான். நவம்பர் கடைசிவரை மீன் வரவுப் பருவம். வலை, தூண்டில், கத்தி எதுவும் கூடாது. தண்ணீரை இறைக்கக் கூடாது. பேஸ்மென்றில் கதிரை மேசைகூட நகர்த்தக் கூடாது, ஆட்களும் மாறக் கூடாது. ஒஷாவாவில் இருக்கும் அண்ணையின் தம்பி ராகுலன் தூண்டிலும் ஐஸ்பெட்டியுமாக வந்து இறங்கினார். சொந்த அண்ணன் வீட்டு லோன்றியில் மீன்பிடிக்க என்ன லைசென்ஸ் என்று சண்டை பிடித்தார். ஜூலியன் அசையவில்லை. ராகுலன் தேத்தண்ணி குடித்துவிட்டு வெறும் பெட்டியோடு போனார்.

ஒக்டோபரில்தான் பெரிய இடி விழுந்தது. ஜூலியன் தண்ணீரை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோயிருந்தான். முடிவை எங்கள் எல்லோரையும் படியில் இருத்திவைத்துச் சொன்னான். மீன்கள் தேடிவரும் மணத்தில் சவர்க்காரம் கொஞ்சம் இருக்கிறதாம். மிச்சமெல்லாம் புளி, வெந்தயம், மிளகாய்த்தூள், மீன். குஞ்சுகள் தொட்டியில் கிடந்த கிழமை, வாளிக்குள் என்ன என்று பாராமல் நான் அதே தொட்டியில்தான் குழம்புச் சட்டி கழுவியிருக்கிறேன்.

"அன்ரி, நீங்கள் ஒவ்வொரு வெள்ளியும் கறி வைக்கவேணும். இல்லாட்டி மீனுகளுக்கு வழி தெரியாது," என்றான்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எந்த மணத்துக்காக என்னைத் துரத்துகிறாரோ அதே மணத்தை அரசாங்கம் கட்டாயமாக்கிவிட்டது. கடையில் பாரை மீன் வாங்கி, காற்றுக் குழாய்க்கு நேர்கீழே சட்டியை வைத்து, மூடாமல் கொதிக்கவிட்டேன். அன்று ஆறு மீன் வந்தது.

வெற்றி என்று துள்ளினேன். ஆனால் பருவம் முடியும் நாளும் நான் போகவேண்டிய நாளும் ஒன்றுதான். மீனுக்கு நவம்பர்வரை பாதுகாப்பு. எனக்கு அந்த மீனால் பாதுகாப்பு. அண்ணை அதைப் பற்றி மூச்சு விடவில்லை. நானும் கேட்கவில்லை. என்னுடைய ரோசம் எனக்கு.

ஆனால் மனுசன் மாறிக்கொண்டு வந்தார். முதலில் படியின் மேல்தட்டில் நின்றார். பிறகு ஒவ்வொரு தட்டாக இறங்கினார். மூக்கைத் துவாயால் கட்டிக்கொண்டு, கடைசித் தட்டில் கொட்டாவியும் விடாமல் குந்தியிருந்து வடிகாலையே பார்ப்பார். ஒன்று தலையை நீட்டினால் போதும், யூனியன்வில்லில் இருக்கும் சகலனுக்குப் போன் போகும். எங்கட பெரியவன் வந்திட்டான், என்பார். மெஷினுக்குப் பின்னால் நான் பரப்பிவிட்ட கூழாங்கல்லில் ஒரு சோடி முட்டையிட்டபோது ஜெயமலர் அக்கா விளக்கேற்றினா. மீன்மேல் இவ்வளவு பாசம், மீன் காய்ச்சுகிறவளுக்கு ஒரு சொல் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கடைசி வெள்ளி வந்தது. மறுநாள் பருவம் முடிகிறது. முதல்நாளே சட்டி, அகப்பை எல்லாவற்றையும் பெட்டியில் கட்டிவிட்டேன். அடுப்பு மூட்டவில்லை. இனி எந்த மீன் வழிதவறினால் எனக்கென்ன என்று வேலைக்குப் போய்விட்டேன். அங்கே நாள் முழுக்க கிழவர்களுக்கு உருளைக்கிழங்கு மசித்தேன். ஒவ்வொரு கிழங்கையும் தில்லையம்பலம் என்று நினைத்துத்தான் மசித்தேன்.

பஸ்ஸால் இறங்கித் தெருவில் திரும்பினேன். மீன் குழம்பு மணந்தது. முதலில் என் மேல்சட்டையில்தான் என்று நினைத்தேன். கிட்டப் போகப் போக மணம் கூடியது. மேல்வீட்டுச் சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது.

கதவைத் தட்டாமலே உள்ளே போனேன். ஜெயமலர் அக்கா முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, ஆறடி தள்ளி நின்று நீட்டு அகப்பையால் கிண்டிக்கொண்டிருந்தா. சாமியறைக் கதவு இழுத்து மூடியிருந்தது. அண்ணை நெற்றியில் திருநீற்றோடு, ஒரு வாளியில் குழம்பு ஊற்றிக் கீழே கொண்டுபோய் வடிகாலில் விட்டுவிட்டு வெறும் வாளியோடு ஏறி வந்தார். கண் சிவந்திருந்தது. ஒரு மீன் மத்தியானத்திலிருந்து குழாய் வாயில் தலையைக் காட்டுகிறது, உள்ளே வராமல் திரும்புகிறது, மறுபடி வருகிறது என்றார். நாங்கள் காய்ச்சினது சரியில்லைப்போல என்றார்.

"நல்லாய்த்தான் மணக்குது," என்றேன். மனம் இளகிவிட்டது, மறைக்க முடியவில்லை.

"வெள்ளிக்கிழமை, எங்களால உப்புப் பாக்க ஏலாது," என்றார் அவர். அகப்பையை வாங்கி என்னிடம் நீட்டினார். "அன்ரனெற், நீங்கள் போனால் உதுக்கு ஆர் உப்புப் பாக்கிறது?"

உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உப்புக் காணாது. புளி அறவே இல்லை," என்றேன். அழுகை வந்தது, புளி இல்லாததற்கு அழுகிறேன் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். கீழே இறங்கிப் போய், பெட்டியின் கட்டை அவிழ்த்து என் சட்டியை எடுத்தேன்.