கொக்கின் நூறாவது பந்து

ஹில்மிக்கு அந்த மனேஜரைக் கண்ணில் காட்டக்கூடாது. பூமியின் மறுபக்கத்தில், ஓர் ஏரிக்கரை நகரத்தின் பேஸ்போல் அணியை நடத்தும் அந்த மனிதருக்கு, குறிஞ்சிப்பிட்டியில் ஓர் இறால் குளத்து வாடியில், அந்தக் காவல் குடிசையில் இருந்துகொண்டு ஒருவன் தன்னை விடிய விடிய ஏசுகிறான் என்பது தெரியாது. தெரிந்திருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடிதான் நின்றிருப்பார். அதனாலேயே ஹில்மி அவருக்கு விதானையார் என்று பெயர் வைத்திருந்தான். வெள்ளம் வந்து வடிந்த பிறகு பதிவுப் புத்தகத்தோடு ஊருக்கு வருகிற அரசாங்க விதானையார்.

கனடாவில் இருக்கும் பெரியம்மா மகன் ஒருவன் ஆட்டம் பார்க்கிற கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தான். வேறொன்றும் அவன் கொடுக்கவில்லை. அங்கே பின்னேரம் தொடங்கும் ஆட்டம் இங்கே அதிகாலை நாலரைக்குத் தொடங்கும். இறால் குளத்துக்கும் அதுதான் கெட்ட நேரம். விடியும் முன்தான் தண்ணீரில் காற்றுக் குறையும். தண்ணீரை அடிக்கும் சக்கரங்கள் நின்றுபோனால் கொஞ்ச நேரத்தில் குளமே செத்து மிதக்கும். முழித்திருக்க வேண்டியவனுக்கு அந்த விளையாட்டு வசதியாக இருந்தது.

முழித்திருப்பதைத் தவிர அவனுக்கு வேறு வேலையும் இல்லை. பல்கலைக்கழகத்தை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டான். ஏன் என்று கேட்டவர்களுக்கு விதம்விதமாகக் காரணம் சொன்னான். உண்மையில் ஒரு பரீட்சைக்குப் போகவில்லை, அடுத்ததற்கும் போகவில்லை, அவ்வளவுதான். உடன்பிறந்த ராத்தா சுல்பாவின் புருஷன் ரஸாக் குளம் வெட்டியபோது, இரவுக்கு ஆள் வேண்டுமென்று அவனைக் கூட்டிவந்து வாடியில் இருத்தினார்.

ரஸாக்குக்கு அந்த விளையாட்டு பிடிபடவேயில்லை. புதுவருசத்துக்குச் சிலாபத்துப் பக்கம் சிங்கள ஆட்கள் மட்டையால் பந்தடித்து ஓடி விளையாடுகிற எல்லேதானே இது, அதைப் பார்க்க அமெரிக்காவுக்கா போகவேண்டும் என்று கேட்பார். ஆனாலும் விடிய சுபஹு தொழுதுவிட்டு வந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டு ஹில்மியின் கதையைக் கேட்பார். ஹில்மி வேறெதைப் பற்றியும் அவ்வளவு கதைப்பதில்லை.

அவனுடைய அபிப்பிராயங்கள் அசையாதவை. மட்டையைக் குறுக்கே பிடித்துப் பந்தைத் தட்டி, தான் வெளியேறி இன்னொருவனை ஒரு தளம் நகர்த்துவது கோழைகளின் வேலை. கடைசிச் சுற்றுக்கென்று நல்ல வீச்சாளன் ஒருவனைப் பூட்டி வைத்திருப்பது, எட்டாவது சுற்றில் வீடு எரியும்போது ஒன்பதாவதுக்கென்று தண்ணீரை மூடி வைப்பதைப் போன்றது. இடப்பக்க வெளியில் நிற்பவன் அழகாக ஓடுவான், பிழையான இடத்துக்கு ஓடுவான். ஆனால் எல்லாவற்றிலும் பெரிய குற்றம் கொக்கின் விஷயத்தில் நடப்பது.

கொக்கு என்பது அணியின் நெட்டையான இடக்கை வீச்சாளன். ஐந்து சுற்று வரைக்கும் அவனை ஒருவனும் தொட முடியாது. ஆறாவதில் அவனுடைய முழங்கை இரண்டு விரற்கடை இறங்கும். முகம் காட்டிக்கொடுக்காது, வேகம்கூட உடனே குறையாது, முழங்கைதான் சொல்லும். அப்போதே அவனை வெளியே எடுக்கவேண்டும். விதானையார் எடுக்கமாட்டார்.

எடுத்தால் எடுத்ததுதான் என்பதில்தான் சிக்கல் என்று ஹில்மி மச்சானுக்கு விளங்கப்படுத்தினான். கிரிக்கெட்டில் போல ஒருவனை நிற்பாட்டிவிட்டுப் பத்து ஓவர் கழித்துத் திரும்பக் கொண்டுவர ஏலாது. வெளியே போனவன் அன்றைக்குத் திரும்பி வரமாட்டான். அதனால்தான் மனேஜர்மார் பயப்படுகிறார்கள். இன்னும் ஒருவனுக்கு வீசட்டும், இன்னும் ஒருவனுக்கு என்று இழுப்பார்கள். சில நாள் தப்பிவிடுவார்கள். அதுதான் அதைவிட மோசம். நல்லபடியாக முடிந்துவிட்டால் எடுத்த தீர்மானம் சரி என்று ஆகிவிடுமா?

"குடிச்சிட்டு வான் ஓட்டினவன் வீட்டுக்கு வந்து சேர்ந்திட்டா, குடிச்சது சரியா மச்சான்?" என்று கேட்டான்.

"உன்னய மனேஜராப் போட்டிருந்தா அந்த ஊர் தப்பியிருக்கும்" என்றார் ரஸாக்.

யுத்தம் முடிந்து எட்டு வருடமாகியிருந்தது. ரஸாக் தொண்ணூறில் பத்து வயதில் ஊர் முஸ்லிம் சனத்தோடு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர். யுத்தம் முடிந்ததும் ஒரு தடவை போய்த் தகப்பனின் காணியைப் பார்த்தார். காடு ஏறிக்கிடந்தது. இரண்டு நாள் நின்றுவிட்டு டோஹாவுக்கு லொறி ஓட்டப் போனார். அங்கிருந்து திரும்பி வந்தபோது மகள் ஃபஹ்மியா அவரைக் கண்டு அலுமாரிக்குப் பின்னால் ஒளித்தாள். வாப்பா என்று கூப்பிட அவளுக்கு ஒரு வருடம் எடுத்தது. இனிப் போவதில்லை என்று சுல்பாவிடம் சொல்லித்தான் குளத்தை வெட்டினார். முதல் இரண்டு அறுவடையும் பாதிக்குப் பாதி. மூன்றாவதும் பிழையாய்ப் போனால் திரும்பவும் டோஹாதான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதை வாயால் சொல்லவில்லை.

புரட்டாதியில் ஒரு நாள். நாலரை மணிச் சுற்றில் டோர்ச் அடித்துக்கொண்டு வரம்பில் நடந்தபோது ஹில்மி கரையோரம் ஏழு இறால் செத்துக் கிடக்கக் கண்டான். தலை ஓட்டில் உப்புத் தூவியதைப் போல வெள்ளைப் புள்ளி. குளத்தையே அழிக்கும் அந்த நோயின் பெயரைக் குளம் வைத்திருப்பவன் எவனும் குளத்தருகில் சொல்லமாட்டான். செத்ததை உடனே சுண்ணாம்பு போட்டுப் புதைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். இல்லாவிட்டால் காகம் தூக்கிக்கொண்டுபோய் அடுத்த குளத்தில் போடும். அடுத்த குளம் வன்னியிலிருந்து வந்து குடியேறிய மார்க்கண்டுவுடையது. ஹில்மி மதகுக்குப் பக்கத்தில் கிடங்கு தோண்டி ஏழையும் புதைத்தான். கைகழுவிவிட்டு வாடிக்கு வந்தான். போனில் ஆட்டம் தொடங்கியிருந்தது.

வெளிச்சம் வரும்போது தீன் தட்டைத் தூக்கிப் பார்த்தான். போட்ட தீன் அப்படியே கிடந்தது. தட்டுக்குள் இன்னும் நாலு. இனி யோசிக்க ஒன்றுமில்லை. உயிரோடு இருப்பதை இன்றைக்கே வலைபோட்டு எடுக்கவேண்டும். சிறிசுதான், பெருவிரல் தடிப்பு வர இன்னும் பத்து நாள் வேண்டும். ஆனாலும் எடுத்தால் முக்கால்வாசி மிஞ்சும். இறால் வாங்கும் சிலாபத்து முதலாளிக்கு ஏழு மணிக்கு முன் சொன்னால் ஐஸ் லொறி அன்றைக்கே வரும். மச்சான் வந்ததும் சொல்லிவிடுவது என்று தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாடி வாசலில் நின்றான்.

போனில் ஆறாவது சுற்று. கொக்கின் முழங்கை இறங்கியிருந்தது. மூன்று தளத்திலும் எதிரணி ஆட்கள். தொண்ணூற்றேழு பந்து போட்டுவிட்டான். ஹில்மி விதானையாரின் வாப்பாவையும் சேர்த்து ஏசினான்.

ரஸாக் வரம்பால் மெதுவாக வந்தார். சாரத்தின் ஓரத்தில் ஈர மண். தட்டைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். பிறகு மரக்குற்றியில் இருந்து கொண்டு, பிடிப்பதா விடுவதா என்று கேட்டார். ஹில்மி அவர் முகத்தைப் பார்த்தான். முதல்நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் மகளை வரம்பில் நடத்திக் கூட்டிவந்து சக்கரம் தண்ணீர் தெறிப்பதைக் காட்டிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது.

"நீதான் ராவெல்லாம் பாக்கிற. நீ சொல்லு" என்றார் ரஸாக். "எத்தின செத்திருக்கு?"

தொண்ணூற்றெட்டு. வெளியே போன பந்து. தொண்ணூற்றொன்பதை அடிப்பவன் தட்டிவிட்டான், எல்லைக்கு வெளியே விழுந்தது. விதானையார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நூறாவது பந்தைக் கொக்கு வீசினான். அடிப்பவன் மட்டையைக் காற்றில் சுழற்றிவிட்டு நின்றான். மூன்றாவது ஆளும் போய்விட்டான், சுற்று முடிந்தது. சனம் எழும்பிக் கூச்சல் போட்டது. விதானையார் கொக்கின் முதுகில் தட்டினார்.

"நாலு" என்றான் ஹில்மி. "ஓட்டுச் சட்டை கழட்டுற நேரம் ஒண்டு ரெண்டு சாகும்தானே மச்சான். ரெண்டு நாள் பாப்பம்."

ரஸாக் தட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். சரி என்றார். சிலாபத்துக்கு அவர் கோல் எடுக்கவில்லை.

மறுநாள் ஆறு செத்திருந்தது. ரஸாக் கேட்கவில்லை, ஹில்மி சொல்லவுமில்லை. மூன்றாம் நாள் டோர்ச் தேவைப்படவில்லை. நிலவு வெளிச்சத்திலேயே கரை நீளத்துக்கு வெள்ளையாகத் தெரிந்தது. காகங்கள் இருட்டோடேயே வந்துவிட்டன. கோல் எடுத்ததும் முதலாளியின் லொறி வந்தது. சாரதி இறங்கி ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, "அனே மாத்தயா" என்று சிங்களத்தில் இரங்கிச் சொல்லி, லொறியின் பின்கதவைத் திறக்காமலே திரும்பிப்போனான். மதகை அடைத்து, குளம் முழுக்கச் சுண்ணாம்பு கொட்டி, மற்றவர்கள் தண்ணீர் இழுக்காமல் இருக்க வாய்க்கால் தலைப்பில் சிவப்புத் துணி கட்டினார்கள். மார்க்கண்டு தானே வந்து கம்பு நட்டுக் கொடுத்தார். அவருடைய குளம் தப்பியது.

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். ஆருக்குத் தெரியும், கையிலயா இருக்கு. சுல்பா அல்லாஹ் நாடினது என்றாள். ஹில்மி தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரிந்திருந்தது.

ஐப்பசியில் டோஹா விசா வந்தது. விமான நிலையத்துக்கு வான் பிடித்தார்கள். ஃபஹ்மியா கத்துவாள் என்று அவளையும் சுல்பாவையும் வீட்டில் விட்டு ஹில்மியை மட்டும் கூட்டிப்போனார் ரஸாக். வான் மாம்புரியைத் தாண்டியது. ஏதாவது சொல்லவேண்டுமே என்று ஹில்மி சொன்னான்.

"விதானையார வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"ஏன்? கொக்க எடுக்காம விட்டதுக்கா?"

"இல்ல. அண்டைக்கு வெண்டுட்டாங்க. பிறகு தோத்ததுக்கு."

ரஸாக் வெளியே பார்த்தார். காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. பாலாவிச் சந்திக்கு இன்னும் கொஞ்சத் தூரம் இருந்தது.

"அண்டைக்கு எத்தின செத்துக் கிடந்திச்சு?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்குத்தான் ஒரு மாதமாகக் காத்திருந்தான். "பதினொண்டு" என்றான். "ஏழப் பொதச்சிட்டன். நாலு எண்டு பொய் சொன்னன்."

"தெரியும்."

ஹில்மி திரும்பிப் பார்த்தான்.

"சுபஹு தொழுதிட்டுப் பள்ளியில இருந்து வரக்குள்ள காகம் மதகடியில கிண்டிக்கிட்டு நிண்டிச்சு. வெரட்டிட்டுப் போய்ப் பாத்தன். ஏழு. நான்தான் திரும்ப மண்ணப் போட்டு மூடின." ரஸாக்கின் குரல் சாதாரணமாக இருந்தது. "அதுக்குப் பிறகுதான் உன்னட்டக் கேட்டன்."

"தெரிஞ்சிக்கிட்டா கேட்டீங்க?"

"எடுத்தா எடுத்ததுதானே. நீதானே சொன்ன." பையை மடிக்கு இழுத்துக்கொண்டார். "ஆராவது ஒருத்தன் பொறு எண்டு சொல்லுவானா எண்டு இருந்திச்சு. நீ சொன்ன."

பாலாவியில் வான் கொழும்பு வீதிக்குத் திரும்பியது. ரஸாக் கண்ணை மூடிக்கொண்டார், தூங்கவில்லை.

"சக்கரங்களக் கழட்டி வாடிக்குள்ள வை" என்றார், கண்ணைத் திறக்காமல். "வெளிய கிடந்தா துரு ஏறிடும்."

ஓம் என்றான் ஹில்மி.