டிராகன் பழத்துக்குத் தண்ணீர் ஊற்றியவர்கள்

1

வீட்டிலேயே டிராகன் பழம் வளர்ப்பது எப்படி என்று ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை எழுத உட்கார்ந்தேன். 'இது கள்ளி இனம். தண்ணீர் அதிகமானால் அடித்தண்டு அழுகிவிடும்' என்ற வரியில் பேனா நின்றுவிட்டது. கள்ளிக்குப் போய் யார் இப்படித் தண்ணீரைக் கொட்டுவார்கள்? கட்டுரை அதோடு போயிற்று. இந்தக் கதை வந்து உட்கார்ந்துகொண்டது.

2

முதல் தொடக்கம்: 'மாலை வெயில் பால்கனியில் சாய்ந்து...'

வேண்டாம். வெயிலில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.

இரண்டாம் தொடக்கம்: அவர் பெயிண்டர். அவர் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். அவர்களுடைய ஒரே மகன் போன மழைக்காலத்தில் பைக்கில் போய்ச் செத்தான். பைக் அப்பா வாங்கிக் கொடுத்தது. செய்தி வந்த அன்றே அவள், "வேணாம் வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா?" என்றாள். அதற்குப் பிறகு இருவரும் முகம் பார்த்துப் பேசவில்லை. இதை ஒளித்துவைத்து விளையாட எனக்கு மனம் வரவில்லை, அதனால் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

3

அறவே பேசவில்லை என்றும் சொல்ல முடியாது.

"சாப்பாடு ஆறுது." இது அவள், ஜன்னலிடம்.

"பசி இல்ல." இது அவர், ஃப்ரிட்ஜிடம்.

பால்கனியில் மகன் வைத்த செடி இருந்தது. அப்பாவின் பழைய பெயிண்ட் வாளியில் ஓட்டை போட்டு, மணல் கலந்த மண் நிரப்பி, நடுவில் ஒரு குழாயை நிறுத்தி, தண்டை அதில் கட்டியிருந்தான். "அடுத்த வருஷம் நம்ம வீட்டுப் பழம்" என்று பீற்றிக்கொண்டதும் உண்டு.

அவர் வேலைக்குக் கிளம்பியதும் அவள் அதற்குத் தண்ணீர் ஊற்றினாள். தைத்த துணிகளைக் கொடுக்கத் தினம் சாயங்காலம் அவள் வெளியே போகும்போது அவர் ஊற்றினார். மற்றவர் அந்தச் செடியை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்று இருவரும் நம்பினார்கள். மேல்மண் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும்; சந்தேகமே வராது. தண்டு துவண்டபோது தாகம் என்று நினைத்து இருவருமே இன்னொரு குவளை சேர்த்து ஊற்றினார்கள்.

(ஒரே வீட்டில் இது தெரியாமலா போகும் என்று கேட்கிறீர்கள். ஒருவர் கண்ணில் ஒருவர் படாமலிருக்கப் படாதபாடு படும் வீட்டில் நீங்கள் இருந்ததில்லை போலிருக்கிறது. நல்லது, இருக்கவே வேண்டாம்.)

4

ஒருநாள் தண்டு சாய்ந்தது. அடிப்பகுதி கூழாகி நாறியது. அவர் செடிக் கடைக்காரரிடம் ஓடினார்.

"நல்ல துண்டா வெட்டி நிழல்ல ஒரு வாரம் போடுங்க. வெட்டு காய்ஞ்சப்புறம் நடுங்க. அதுவரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது."

(கடைக்காரர் 'காயம் ஆறணும்' என்றுதான் சொல்லியிருப்பார். இந்தக் கதைக்கு அது ரொம்பத் தோதாக இருந்தது. அதனாலேயே அடித்துவிட்டேன்.)

அவர் வெட்டி, கதவோரம் காகிதத்தில் கிடத்திவிட்டு வெளியூர் வேலைக்குப் போனார். அவள் பார்த்தாள். பாவி மனுஷன், பிள்ளை வைத்ததையும் வெட்டிப் போட்டுவிட்டாரே என்று வயிறு எரிந்தாள். ஒரு செம்பில் நிறையத் தண்ணீர் பிடித்து, துண்டை அதில் நிறுத்திவைத்தாள்.

அவர் திரும்பி வந்தபோது அதன் அடியும் பழுப்பேறியிருந்தது.

5

முடிவு ஒன்று: செடி பிழைத்து, பூத்து, காய்த்து... பத்திரிகைக்குப் பிடிக்கும். பையன் வரமாட்டான் என்பதால் எனக்குப் பிடிக்கவில்லை.

முடிவு இரண்டு: அவர் துண்டைக் குப்பையில் வீசிவிட்டு... இல்லை. அவருக்குக் கை வராது.

ஆகவே அழுகியதை அரிந்து தள்ளினார். ஒரு சாண் மிஞ்சியது. காய வைத்தால் இதையும் அவள் தண்ணீரில் வைப்பாள். ஃப்ரிட்ஜிடம் சொல்லிப் பயனில்லை. தையல் மெஷின் முன்னால் போய் நின்றார். மெஷின் நின்றது.

"இதுல தண்ணி படக்கூடாது. தண்ணிதான் இதை அழுகவெச்சுது. நான்தான் தினமும் ஊத்திட்டேன். இதுவும் என் தப்புதான்."

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்களா? தினமும் நான்தானே ஊத்தினேன்..."

அவள் பார்வை அவர் கையிலிருந்த துண்டுக்கு இறங்கியது.

"அப்போ, நாம ரெண்டு பேரும் சேர்ந்துதான்..."

அந்த வாக்கியத்தை நான் பலவிதமாக முடித்துப் பார்த்தேன். ஒன்றிலும் அவள் குரல் இல்லை. முடிப்பாளா, அழுவாளா, கை நீட்டி அதை வாங்கிக்கொள்வாளா, எனக்குத் தெரியவில்லை; தெரிந்துகொள்ளத் தெம்பும் இல்லை. நீங்கள் எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள், அவர் நின்றுகொண்டே இருக்கிறார்.