வாசல் அவனைத் தாண்டிய கதை

சீர்திருத்த இல்லத்திலிருந்து வீடு திரும்பிய எலியேசர், வாசலைத் தாண்டி உள்ளே கால் வைத்தால் மறுபடியும் வாசலுக்கு வெளியேதான் நின்றான். அவன் அம்மா ஓத்திலியா அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் உள்ளே போனாள், பிடித்த கை காலியாக இருந்தது. கொல்லைப்புறமாகக் கூட்டிப் போனால் முன்வாசலில் வந்து நின்றான். ஜன்னல் வழியாகத் தூக்கிப் போட்டார்கள், வாசல் சேற்றில் விழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். பதினான்கு வயதில் கொண்டுபோன பிள்ளை. அந்த இல்லத்தில் ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் நின்று "வரலாமா ஐயா?" என்று கேட்க வேண்டும். மூன்று வருடம் கேட்டதில், கதவு என்றால் நிற்பதற்கு என்று கால்கள் தீர்மானித்துவிட்டன. அங்கே வேறொன்றும் சொல்லித்தரவில்லை என்று குறை சொல்லக் கூடாது, போர்வையை மடிக்கவும் சொல்லித்தந்திருந்தார்கள்.

அவனை அனுப்பி வைத்ததே இந்த ஊர்தான். பெலார்மீனோ பாரியாவின் படகு இயந்திரத்தை அவன் திருடினான், உண்மைதான். அதற்காக அவனைக் கொண்டுபோகச் சொல்லி ஊரே கூடி மனுவில் கையெழுத்துப் போட்டது, பாவமே அறியாதவர்கள் மாதிரி. இப்போது அதே ஊர் மழையில் குடை பிடித்துக்கொண்டு வந்து வேடிக்கை பார்த்தது. "நாய் வளர்க்கிற செலவு மிச்சம் ஓத்திலியா" என்றார் பெலார்மீனோ. சிலோயே தீவின் குளிர்காலத்தில் அவன் இடது தோளில் பாசி பிடித்தது. ஓத்திலியா ஞாயிறுதோறும் கரண்டியால் சுரண்டி எடுத்தாள், வாசலில் வைத்தே உருளைக்கிழங்கும் சிப்பிக்கறியும் ஊட்டினாள், தூங்கும்போது தலை சாயாமல் இருக்க முதுகுக்குத் தலையணை கட்டிவிட்டாள்.

மறுவாழ்வு அலுவலகத்திலிருந்து கொன்ஸ்தான்சா என்ற பெண் மாதாமாதம் படகில் வந்தாள். எலியேசருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே, "பையன் வீட்டில எப்படி ஒத்துப்போறான்?" என்று ஓத்திலியாவிடம் கேட்டாள். சிரிக்கிற குடும்பம் அச்சடித்த தாள் ஒன்றையும் கொடுத்தாள். நடப்பதைப் பார்த்து அவள் ஆச்சரியப்படவில்லை, தன் விதிகளில் அது அடங்கவில்லையே என்றுதான் சலித்துக்கொண்டாள். ஓத்திலியா அவன் தலைக்கு மேல் தகரம் போட்டாள். "இது தாழ்வாரம்மா, வீடு இல்ல. குடும்பத்தோட வீட்டுக்குள்ள இருக்கணும்னுதான் உத்தரவு. அடுத்த தடவையும் வெளியவே நின்னான்னா, திரும்ப இல்லத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்" என்றாள் கொன்ஸ்தான்சா. தாழ்வாரத்துக்கும் வீட்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கப் பட்டணத்தில் படிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

ஓத்திலியா அன்றிரவு அழுதாள். காலையில் முகத்தைக் கழுவிக்கொண்டு, மிங்கா கேட்கக் கிளம்பினாள். அந்தத் தீவில் மரவீட்டை அடியோடு பெயர்த்து, உருளைக் கட்டைகள்மேல் ஏற்றி, ஊர்கூடி மாடுகளைப் பூட்டி இழுத்துப் போவார்கள். அதற்குப் பெயர் மிங்கா. கூலி கிடையாது, சாப்பாடு மட்டும்தான். கேட்டு வராதவனுக்கு நாளைக்கு எவனும் வர மாட்டான்.

"பெலார்மீனோண்ணே, வீட்டை நகர்த்தணும். மாட்டோட வாங்க."

"எவ்வளவு தூரம்?"

"நாலு எட்டு."

"நாலு எட்டுக்கு மாடா? கிறுக்குப் பிடிச்சிருச்சா உனக்கு?"

"அவனால வாசலைத் தாண்ட முடியல. வாசல் அவனைத் தாண்டட்டும்."

அவர் சிரிக்க வாயைத் திறந்தார். "உங்க வீட்டுத் தூணை அலை நக்குதுண்ணே. நீங்களும் ஒருநாள் கேட்கணும்ல" என்றாள் ஓத்திலியா. திறந்த வாயை மூடிக்கொண்டார். நல்ல மனது வந்து யாரும் வரவில்லை. ஒவ்வொருவனும் தன் தன் வீட்டை நினைத்துக்கொண்டு வந்தான்.

கொன்ஸ்தான்சாவின் படகு வருகிற அன்றே மிங்கா வைத்தார்கள். எலியேசர் வாசலைப் பார்த்தபடி நின்றான், கயிறுகள் அவனுக்கு இரண்டு பக்கமும் போயின. அடுப்பை எரியவிட்டு ஓத்திலியா உள்ளே நின்றாள். மாடுகள் இழுத்தன, வீடு முனகிக்கொண்டு வந்தது. வாசல்நிலை அவன் மூக்குக்கு நேரே வந்ததும் நின்றுவிட்டது. மாடுகள் முட்டி போட்டன, கயிறு ஒன்று அறுந்தது. கொன்ஸ்தான்சா பேனாவைத் திறந்தாள்.

"வரலாமாம்மா?" என்று கேட்டான் எலியேசர்.

ஓத்திலியாவுக்கு வந்ததே கோபம். "வீடே உன்னைத் தேடி வந்திருக்கு, இன்னும் வரலாமா போலாமான்னுட்டு நிக்கிற. தலையைக் குனிடா, நிலை இடிக்கும்."

குனிந்தான். வீடு மறுபடி அசைந்து, வாசல் அவனைத் தாண்டிப் போய் நின்றது. அடுப்புக்குப் பக்கத்தில் நின்றான், தோளின் பாசியிலிருந்து ஆவி எழும்பியது. வீட்டில் இருக்கிறான் என்று கொன்ஸ்தான்சா எழுதிக்கொண்டாள். அந்த வருடம் திரும்பிய பிள்ளைகளின் கணக்கில் அவனையும் சேர்த்துத் தங்கள் அலுவலகத்தின் சாதனை என்றார்களாம். ஊர் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, அவனை மீட்டதே தாங்கள்தான் என்று ஏப்பம் விட்டது.

மறு வருடம் பெலார்மீனோ மிங்கா கேட்டபோதுதான் எலியேசர் முதல் தடவையாக வீட்டைவிட்டு இறங்கிப் போனான். அவன் கையில் கயிற்றைக் கொடுக்கும்போது அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பொழுது சாய்ந்து திரும்பியவன் பழையபடி வாசலில் நின்றான், கால் எழவில்லை. மாடு இல்லை, கயிறு இல்லை. வீடு தானாகவே முனகிக்கொண்டு ஓர் எட்டு முன்னால் வந்து அவனை எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவன் வெளியே போய்த் திரும்பும்போதெல்லாம் இப்படித்தான். வீடு பாதையை அடைத்து, மரக்கடையைக் கடந்து, இப்போது கோயில் வரைக்கும் வந்துவிட்டது. வண்டிக்காரர்கள் திட்டிக்கொண்டே சுற்றிப் போகிறார்கள். பொழுது சாய்ந்தால் பலகைகள் கிறீச்சிடும், உள்ளேயிருந்து "தலையைக் குனிடா" என்று ஓத்திலியாவின் குரல் கேட்கும், ஊர் விளக்கேற்றப் போய்விடும்.