அந்தரத்தில் நின்ற பந்து

கற்பூரம் அணைத்துச் சத்தியம்: இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கூட்டிச் சொல்லியிருந்தால் சொன்ன நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளட்டும்.

ரெக்ஸ்டேலில் புலம்பெயர்ந்த நம்மவர்கள் நடத்தும் பேஸ்போல் கழகத்தில், பந்தை அளக்கும் கமராவுக்குப் பொறுப்பாக இருந்தவர் நவரட்ணம். எறிபவரின் கையை விட்ட பந்து எத்தனை மைல் வேகத்தில் வந்தது, எவ்வளவு வளைந்தது, எங்கே இறங்கியது என்பதையெல்லாம் கமரா பார்த்து ரப்லெற் திரையில் காட்டும். நவரட்ணம் உரத்து வாசிப்பார். வாசித்ததுதான் தீர்ப்பு. அறுபத்திரண்டு வயதுவரை வீட்டிலோ வேலைத்தலத்திலோ ஒருவரும் அவர் பேச்சைக் காதில் போட்டதில்லை. சனிக்கிழமைகளில் மட்டும் முப்பது பேர் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்தக் கதிரையை விட அவருக்கு மனமில்லை.

கதிரையோ ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. மே மாதம் ஒரு கடற்புறாவை அளந்து, "நாற்பத்தொரு மைல், நல்ல வளைவு" என்று வாசித்துவிட்டார். ஜூலையில் பக்கத்து விமான நிலையத்தில் இறங்க வந்த விமானத்தை அளந்து நூற்று அறுபது என்றார். பயிற்சியாளர் பஸ்ரியன் தன் கண்ணை நம்பாதவர்; கருவியை மட்டும் நம்புபவர். அந்த நூற்று அறுபதை எறிந்தவனை அணியில் சேர்க்க, கையில் படிவத்தோடு மூன்று நாள் தேடித் திரிந்தார். விஷயம் தெரிந்ததும் சொன்னார்:

"நவம் அண்ணை, இனி ஒரு பிழை வந்துதெண்டால் மெசின் செயலாளர் றஜிதாட்டைப் போகும். சொல்லிப்போட்டன்."

ஒக்ரோபரில், ஆயுத பூசைக்கு மறுநாள், அடுத்த வருட அணிக்கு ஆள் எடுத்தார்கள். முந்தின நாள் நவரட்ணத்தின் மனைவி யோகமலர் அகப்பை, தையல் மெசின், பனி தள்ளும் சவள் எல்லாவற்றையும் சாமி அறையில் அடுக்கிப் பொட்டு வைத்திருந்தார். கமராவையும் கழற்றிப் பகுதி பகுதியாகத் தட்டில் பரப்பியிருந்தார்.

"உங்களுக்கும் ஒரு ஆயுதம் இருக்கட்டுமன்," என்றார்.

காலையில் நவரட்ணம் பொருட்களை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, மைதானத்தில் அவசரம் அவசரமாகப் பொருத்தி நிறுத்தினார்.

முதலில் எறிய வந்தவன் கஜீவன். பந்து, பிடிக்க நின்ற பிரவீனனின் கையுறைக்குள் சடாரென்று விழுந்தது. நவரட்ணம் ரப்லெற்றைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்ன ஸ்பீட் அண்ணை?" என்றார் பஸ்ரியன்.

"பூச்சியம். பந்து இன்னும் வரேல்லை. நாலடி உயரத்திலை நிக்குது. சிவப்பாய்த் தெரியுது."

"சிவப்பு தையல் நூலாக்கும்."

பிரவீனன் கையுறையை விரித்துக் காட்டினான். "ஹலோ கோச், பந்து என்ரை கையிலை!"

"உந்தப் பந்தைப் பொக்கற்றுக்குள்ளை வை. மெசின் காணாத பந்து பந்தே இல்லை," என்றார் பஸ்ரியன்.

"அப்ப நான் அடுத்ததை எறியட்டோ?" என்று கஜீவன் கேட்டான்.

"விசரே! முதலாவது இறங்காமல் ரெண்டாவதை எறிஞ்சால் ரெண்டும் முட்டுமெல்லே?"

பந்து யாருடைய தலையிலும் விழுந்துவிடக்கூடாதென்று பஸ்ரியன் கீழே நான்கு செம்மஞ்சள் கூம்புகளை வைத்தார். தள்ளுவண்டியில் பிள்ளையோடு வந்த ஒரு சீனப் பெண்மணியைச் சுற்றிப் போகச் சொன்னார். அவரும் மேலே ஒரு தடவை பார்த்துவிட்டுச் சுற்றித்தான் போனார். இதற்கிடையில் கருவி கணக்குப் போட்டு, பந்து செவ்வாய்க்கிழமை நாலு பத்துக்கு வந்துசேரும் என்று அறிவித்தது.

"செவ்வாய் எனக்குப் பல்லு டொக்டரெல்லோ!" என்று பஸ்ரியன் அந்தரப்பட்டார்.

இது மூன்றாவது பிழை என்று நவரட்ணத்துக்குத் தெரியும். பஸ்ரியனுக்குத்தான் இன்னும் தெரியவில்லை. அப்போது மழை தூறத் தொடங்கியது.

"இறங்குது!" என்று நவரட்ணம் கத்தினார். "மூண்டரை அடி... மூண்டு..."

முப்பது பேரும் நனைந்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பந்து பதினேழு நிமிடம் எடுத்து, நெளிந்து நெளிந்து வந்து, கீழ் மூலையில் இறங்கியது. ஸ்ட்ரைக், அதாவது சரியான எறி, என்றது கருவி. மைதானமே கைதட்டியது. கஜீவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

நவரட்ணம் லென்ஸைத் துடைத்தார். விரலில் குங்குமம். யோகமலர் கமராவின் நெற்றி என்று நினைத்தது லென்ஸை! அவர் கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"கையைக் காட்டுங்கோ அண்ணை."

இனி மறைத்துப் பயனில்லை. "மனிசி பொட்டு வைச்சிட்டாள், பஸ்ரியன். றஜிதாட்டைக் குடுத்துவிடு."

பஸ்ரியன் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு கமராவை மெல்லச் சரித்து அடிப்பக்கத்தைக் காட்டினார். அங்கே புனித அந்தோனியாரின் விரலளவுச் சுரூபம் ஒன்று ஒட்டுநாடாவால் ஒட்டப்பட்டிருந்தது.

"கடற்புறாவுக்குப் பிறகு எனக்கும் பயம் பிடிச்சிட்டுது. காணாமல் போனதைக் கண்டுபிடிச்சுத் தாறவரெல்லே, பந்தைப் பிடிக்கட்டுமெண்டு ஒட்டினனான்."

"அப்ப அந்தப் பிளேன் அவர் பிடிச்சுத் தந்ததோ?"

"ஷ்! றஜிதாவுக்குக் கேட்கப்போகுது. மெசின் உங்களோடையே இருக்கட்டும். பொட்டை மட்டும் இனி மெசினின்ரை காலுக்கு வைக்கச் சொல்லுங்கோ."

கஜீவன் மறுபடி எறிந்தான். "எழுபத்தாறு!" என்று நவரட்ணம் வாசித்த சத்தத்தில் புல்வெளியில் நின்ற கடற்புறாக்கள் எழும்பிப் பறந்தன. மே மாதத்திலிருந்து நெஞ்சில் கிடந்த கல் அத்தோடு இறங்கியது. வீடுவரை பஸ்ஸில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தவர், சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே சாமி அறைக்குப் போய்க் கும்பிட்டார்.

அங்கே தட்டில், செவ்வந்திப் பூவுக்குக் கீழே, யோகமலர் வைத்தது வைத்தபடி, அந்தக் கமராவுக்கு உயிர் கொடுக்கும் ஒரே பற்றறி இருந்தது.