ஒப்பிக்க முடியாத கேள்வி

மூன்றாவது தவறு செய்தால் நாற்காலியை விட்டுப் போய்விட வேண்டும் என்பது விதி. லோயிஸ் ஹாக்ஸ்ட்ரா ஏற்கெனவே இரண்டு செய்திருந்தாள். இரண்டுமே அவசரத்தால் வந்த வினை.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக் கிறிஸ்தவ சபைகளின் பைபிள் வினாடி வினா, இறுதிச் சுற்று. சபையின் கூடைப்பந்துக் கூடத்தில் இரண்டு வரிசை மடக்கு நாற்காலிகளை எதிரெதிரே போட்டிருந்தார்கள். ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு மெல்லிய திண்டு. அதைவிட்டு உடம்பு எழும்பிய நொடியில் மேசைமேல் அந்த ஆளுக்குரிய விளக்கு எரியும். முதலில் எரிந்த விளக்குக்குத்தான் பதில் சொல்லும் உரிமை என்பதால் கேள்வி முடியும்வரை யாரும் காத்திருப்பதில்லை. லோயிஸ் முதல் இரண்டு சொல்லிலேயே எழுந்துவிடுவாள். கேள்வி வாசிக்கும் டால்பெர்க்கின் வாய் குவிவதைப் பார்த்தே அடுத்த சொல்லைக் கண்டுபிடித்துவிடுகிறாள் என்று சபையில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அன்று அந்த வாய் அவளை இரண்டு முறை ஏமாற்றிவிட்டது.

அவளுக்குப் பதினான்கு வயது. ஒன்பது வயதில், ஞாயிறு வகுப்பு முடிந்து வந்த ஒரு மதியம், எனக்கு ஞானம் வேண்டும் என்று கடவுளிடம் கேட்டுவிட்டு, அதற்கு வழி மனப்பாடம்தான் என்று தானே முடிவு செய்துகொண்டாள். அன்றிலிருந்து பைபிளின் கடிதங்களை, நிருபம் நிருபமாக, விழுங்கியாகிவிட்டது. பசுக்களுக்குத் தீவனம் வைக்கும்போதும் உதடு அசைந்துகொண்டே இருக்கும்.

காலையில் வேனில் வரும்போது, அவள் அணியைச் சேர்ந்த ட்ருடி விளையாட்டாகத்தான் கேட்டாள்: “உன் கையில டெலிபோன் டைரக்டரியக் குடுத்தாலும் இப்படித்தானே ஒப்பிப்ப?” வேனே சிரித்தது. லோயிஸும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் அந்தக் கேள்வி மீன் முள் மாதிரி தொண்டையில் நின்றுவிட்டது. இத்தனையும் தனக்குள் இறங்கியிருக்கிறதா, நாக்கோடு நின்றுவிட்டதா? அன்றைக்குள் அது தெரிந்தாக வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

இப்போது அவள் அணி பத்துப் புள்ளி பின்னால். மிச்சமிருந்தது ஒரே கேள்வி, அதற்கு இருபது புள்ளி. ஜெயிக்கிறவர்களுக்குக் கோடையில் கொலராடோவில் தேசியப் போட்டி. எதிர் வரிசையில் அந்த அணியின் தலைவி ஜானெல் ஃப்ரீசன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள், குதிக்கப் போகிற பூனை மாதிரி.

“கடைசிக் கேள்வி,” என்றார் டால்பெர்க். “விளக்கம்.”

கூடம் முழுக்க முனகியது. விளக்கக் கேள்வியில் ஒப்பிக்கக் கூடாது. வசனத்தைச் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும், அரை நிமிடத்துக்குள். லோயிஸ் போட்டிக்கு வந்த இந்த நான்கு வருடத்தில் ஒரு விளக்கக் கேள்விக்கும் எழுந்ததில்லை. ட்ருடி பல்லைக் கடித்துக்கொண்டு, உட்காருடி, உட்காரு என்று முணுமுணுத்தாள்.

ஞானத்தில் குறைவுள்ளவன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டது கேள்வி. டால்பெர்க் கடைசிச் சொல்வரை வாசித்து முடித்தார். எந்த விளக்கும் எரியவில்லை. ஜானெல் எழவில்லை. அவள் ஏன் எழ வேண்டும்? யாருமே எழாவிட்டால் வெற்றி அவளுடையது. நேரக்காப்பாளர் மணியின்மேல் கையை வைத்தார்.

வசனம் எழுத்துப் பிசகாமல் லோயிஸின் வாயில் நின்றது. சொந்த வார்த்தை ஒன்றுகூட இல்லை. எனக்குத் தெரியலையே, ஏதாவது குடுங்க என்று மனதுக்குள் கடவுளிடம் கேட்டாள். கேட்டபடியே எழுந்துவிட்டாள். அவள் விளக்கு எரிந்தது.

பார்வையாளர் வரிசையில், விதைக்கடையில் கொடுத்த தொப்பியோடு உட்கார்ந்திருந்த அப்பா கண்ணில் பட்டார்.

“ஞானம் இல்லன்னா கேக்கணும். கேட்டா கடவுள் திட்டாம குடுப்பாரு. அது எப்படின்னா... எங்கப்பா எனக்கு டிராக்டர் ஓட்டச் சொல்லிக் குடுத்தாரு. கிளட்ச் பத்தித் திரும்பத் திரும்பக் கேட்டேன். ‘காத எங்கம்மா கழட்டி வெச்ச?’ன்னாரு. அதோட நான் கேக்கறத விட்டுட்டேன். வேலிய இடிச்சேன்.”

கூடம் வெடித்துச் சிரித்தது. அப்பா ஹார்லன் ஹாக்ஸ்ட்ரா தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“கடவுள்கிட்டயும் அப்படித்தான் இருந்திருக்கேன். தெரியலன்னு சொன்னா கோவிச்சுக்குவாருன்னு, எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணிட்டுப் போய் முன்னால நின்னேன். மறுபடி கேக்கவே இல்ல. அவரு அப்படிப்பட்டவரு இல்ல. நூறாவது தடவை கேட்டாலும் மொதத் தடவை மாதிரியே கேட்டுக்குவாரு. அதனால தெரியாதது சின்னதா இருக்கும்போதே கேக்க ஆரம்பிச்சுடணும். அப்பதான் வேலி மிஞ்சும்.”

மணி அடித்தது.

நடுவர்கள் மூவரும் தலையைச் சேர்த்துக்கொண்டார்கள். நேரம் ஓடியது. ட்ருடி லோயிஸின் சட்டைக் கையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள். கடைசியில் டால்பெர்க் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“அழகாச் சொன்னேம்மா. ஆனா பாதிதான் சொன்னே. சந்தேகப்படாம கேக்கணும்னு ஒரு பகுதி இருக்கு. அது உன் பதில்ல வரல.”

தன் அணியின் தலைவி என்ற முறையில் லோயிஸ் மறுப்புத் தெரிவிக்கலாம் என்றும் சொன்னார். சொல்லாததும் பதிலுக்குள் அடக்கம் என்று வாதாடி ஜெயித்தவர்கள் உண்டு. ட்ருடி எழுந்தே நின்றுவிட்டாள்.

“மறுப்பு இல்ல சார்,” என்றாள் லோயிஸ். “அந்தப் பகுதி எனக்கு இன்னும் புரியல. புரியாதத எப்படி விளக்கறது?”

விளக்கு அணைந்தது. மூன்றாவது தவறு. அவள் நாற்காலியை விட்டு நடந்தாள். வாய்க்கால் மடை திறந்தது போல உள்ளே ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. கொலராடோ போயிற்று என்று புத்திக்குத் தெரிந்தது. முகம்தான் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டே இருந்தது.

“தோத்துட்டு எதுக்குடி இளிக்கிற?” என்றாள் ட்ருடி, கண்ணைத் துடைத்தபடி.

“ட்ருடி, எனக்குப் புரியாதது எதுன்னு இன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சிருக்கு,” என்றாள் லோயிஸ். ட்ருடி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சாப்பிட ஏதாவது இருக்கிறதா பார்க்கிறேன் என்று போய்விட்டாள்.

பின்வரிசைப் படிகளில் லோயிஸ் தனியாக உட்கார்ந்து ஷூ முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, காகிதத் தட்டில் ‘ஆப்பிள் பை’ என்ற இனிப்புத் துண்டோடு ஜானெல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆறுதல் சொல்ல வந்தவளாகத் தெரியவில்லை. வெற்றி பெற்றவள் முகமும் அது இல்லை.

“அந்தச் சந்தேக விஷயம்,” என்றாள். “நெஜமாவே உனக்குப் புரியலையா?”

“இல்ல. உனக்கு?”

“எனக்கும்தான். அதான் நான் எழுந்திரிக்கல. பத்துப் புள்ளி முன்னால இருந்ததாலன்னு எல்லாரும் நெனச்சுக்கிட்டாங்க.”

சந்தேகமே வராதவன்தான் கேட்கலாம் என்றால் யார்தான் கேட்க முடியும் என்றாள் ஜானெல். சந்தேகம் வருவது வேறு, கேட்டுவிட்டு அவர் தரமாட்டார் என்று முதுகைத் திருப்பிக்கொள்வது வேறோ என்னவோ என்றாள் லோயிஸ். அப்படியென்றால் அதற்கு முந்தின வசனத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று ஜானெல் முள்கரண்டியை ஆட்டினாள். லோயிஸ் முந்தின வசனத்தைக் கடகடவென்று சொன்னாள். ஜானெல் தடுத்தாள்: “இரு இரு, மெதுவா. எனக்கு அது காதுல விழணும்.” லோயிஸ் மறுபடி சொன்னாள், ஒவ்வொரு சொல்லாக, அதன் எடையைப் பார்த்துக்கொண்டே.

மேடையில் கோப்பையை எடுத்து வைத்துவிட்டார்கள். ஒலிபெருக்கியில் ஜானெல் ஃப்ரீசன் என்று அழைத்தார்கள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அழைத்தார்கள். பின்வரிசையில் இரண்டு தலைகள் ஒட்டிக்கொண்டு கையை ஆட்டி ஆட்டி ஏதோ வழக்காடிக்கொண்டிருந்தன. ஒன்றுகூடத் திரும்பவில்லை.