நாலரை செகண்டு

பிரிக்ஃபீல்ட்ஸில் அந்தக் கட்டுமானக் கம்பெனியின் ஆபீஸ் மாடியில் இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மேனேஜர் ராதாகிருஷ்ணனும் என்ஜினியர் நாச்சியப்பனும். இந்தப் பக்கம் ரமணியும், ஊன்றுகோலை மடியில் கிடத்திக்கொண்டு அவள் அண்ணன் பாலனும். சைட்டில் நூறு அடி உயரத்திலிருந்து சாரத்துப் பலகை விழுந்து பாலனின் முழங்கால் சிதைந்துபோயிருந்தது. அவனுடைய கவனக்குறைவுதான் காரணம் என்று இன்றைக்கு விபத்து அறிக்கையில் எழுதிவிட்டால் வேலை போச்சு. இல்லையென்றால் ஸ்டோரில் உட்கார்ந்த இடத்தில் பார்க்கிற வேலை தருவார்களாம். ஊன்றுகோலோடு போய் நின்றால் வேறு எவன் அவனுக்கு வேலை தரப்போகிறான்?

நாச்சியப்பன் லண்டனில் படித்துவிட்டு வந்தவர். அவர் கூடவே கொண்டுவந்த கால்குலேட்டர் கடையில் மளிகைக் கணக்குப் போடுகிற ரகம் இல்லை. கணக்குப் போடும் வழியை ஒரு தடவை அதில் ஏற்றிவைத்துவிட்டால் போதும், அப்புறம் உயரத்தை மட்டும் தட்டினால் விழுகிற நேரத்தை அதுவே சொல்லிவிடும். அவர் நூறு என்று தட்டினார். நாலரை செகண்டு என்று வந்தது. மேலே இருந்தவன் கத்தி எச்சரித்திருக்கிறான், நாலரை செகண்டில் ஒருவன் ரோட்டையே கடந்துவிடலாம், இவன் மரம் மாதிரி நின்றால் கம்பெனி என்ன செய்யும் என்று மேனேஜருக்கு ஆங்கிலத்தில் விளக்கினார்.

கிள்ளானில் ஸ்கூல் கடைசி வகுப்பான ஃபார்ம் சிக்ஸ் பிள்ளைகளுக்கு பிசிக்ஸ் நடத்துகிறவளிடமா இந்தக் கதை? ரமணி கைப்பையில் கிடந்த பழைய உறையின் பின்பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இரண்டரைதான் வந்தது. சொன்னாள். நாச்சியப்பன் சிரித்துக்கொண்டே மறுபடியும் நூறு தட்டினார். மறுபடியும் நாலரை. மெஷின் பொய் சொல்லுமா என்று கேட்டு அதை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். மேனேஜரும் எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார். அட கடவுளே, தப்பான வழியை ஏற்றிவைத்தால் விடியவிடிய அமுக்கினாலும் அதே தப்புதானே வரும்! இதைப் புரியவைப்பதற்குள் அவளுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

நாடே அடிக்கணக்கிலிருந்து மீட்டருக்கு மாறிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. கட்டடத்தின் பிளான் பழைய வழக்கப்படி அடியில் இருந்தது. நாச்சியப்பனின் கால்குலேட்டரோ மீட்டரில் ஓடியது.

"சார், அது நூறு அடி. நூறு மீட்டர் இல்ல. புவியீர்ப்புக்குப் போட்டிருக்கிற ஒன்பது புள்ளி எட்டை எடுத்துட்டு முப்பத்திரண்டு போட்டுப் பாருங்க."

நாச்சியப்பன் வேண்டாவெறுப்பாக மாற்றினார். இரண்டரை வந்தது. மன்னிப்பா கேட்பார் மனுஷன்? கால்குலேட்டரை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"இரண்டரை செகண்டும் நேரம்தான் லா. கவனமா நின்னிருந்தா விலகியிருக்கலாம்."

மேனேஜர் அதற்கும் தலையை ஆட்டிவிட்டு எழுத ஆரம்பித்தார். ரமணி கணக்குப் போட்ட உறையைக் கசக்கினாள். நாலரை என்றாலும் இவன் குற்றம், இரண்டரை என்றாலும் இவன் குற்றம் என்றால் இத்தனை நேரம் எதற்காகக் கத்தினோம்? மல்லுக்கட்டி ஜெயித்த கணக்கு ஒரு பைசாவுக்குப் பிரயோஜனப்படவில்லை. ஆத்திரத்தில் அவள் கை தானாக நீண்டு கால்குலேட்டரை மேசை விளிம்புக்கு வெளியே தள்ளிவிட்டது. நாச்சியப்பனின் கை அதற்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவர் பிடிப்பதற்குள் கால்குலேட்டர் சிமெண்டுத் தரையில் மோதி, பின்மூடி கழன்று, பேட்டரிகள் உருண்டு ஓடின.

"என்னம்மா இது? சொல்லாம கொள்ளாம தள்ளிவிட்டா நான் எப்படிப் பிடிக்கிறது?"

பாலன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான்.

"மேல இருந்து கத்தினாங்கன்னு நீங்கதான் சார் சொல்றீங்க. பக்கத்துல காங்கிரீட் மிக்சர் சத்தமா ஓடிக்கிட்டு இருந்துச்சு. எனக்கும் யாரும் சொல்லல."

ராதாகிருஷ்ணன் எழுதிய வரியை அடித்தார். வேறு என்ன எழுதுவது என்று கேட்கிற மாதிரி நாச்சியப்பன் பக்கம் திரும்பினார். அவர் மேசைக்கடியில் குனிந்து பேட்டரிகளைத் தேடிக்கொண்டிருந்தார்.