இரண்டு துப்பாக்கிக்கு ஒரே எண்

ஊட்டி ஆயுதப்படைக் கிடங்கில், மேசைமேல் விரித்த கம்பளியில் இரண்டு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிகள் கிடந்தன. இரண்டிலும் விசையைச் சுற்றிய வளையத்தில் ஒரே எண்: 7316.

ஒன்று, நாடுகாணிக் காட்டில் மான் வேட்டைக்காரர்கள் போட்டுவிட்டு ஓடியது. மற்றது பந்தலூர் லீலாவதியின் வீட்டிலிருந்து வந்தது. மாமனார் காலத்துத் துப்பாக்கி, உரிமம் இப்போது லீலாவதி பெயரில். அசலை வேட்டைக்காரர்களுக்கு விற்றுவிட்டு, ஏதோ ஒரு போலியில் எண்ணைப் பொறித்து வைத்திருக்கிறார் என்று அவர்மேல் புகார். கணவர் இறந்தபின் தனியாளாகத் தேயிலைத் தோட்டத்தைக் காப்பாற்றிய பெண்மணி அவர். கோயில் கமிட்டியில் இருந்த ஒரே பெண். புகார் கிளம்பியதும் கமிட்டிக் கூட்டத்துக்கு அவரைக் கூப்பிடவே இல்லை.

துப்பாக்கிகளைச் சோதிக்க வேண்டியவள், கிடங்கின் ஆயுதங்களைப் பராமரிக்கும் ஆர்மரர் சுகுணா. அவளும் பந்தலூர்க்காரிதான். ஊர்ப்பாசம் கையை ஆட்டிவிடக் கூடாதென்று, எதிரே உட்கார்ந்திருந்த லீலாவதியின் முகத்தைப் பாராமலே வேலையைத் தொடங்கினாள்.

“எது அசல்னு சொல்லும்மா, போதும்,” என்றார் இன்ஸ்பெக்டர் செந்தில்நாதன்.

காட்டில் கிடைத்ததை முதலில் எடுத்தாள். குழலுக்கு அடியிலிருந்த முன்கட்டையைக் கழற்றி, குழலைப் பிரித்துத் திருப்பினாள். மூடியிருக்கும்போது கண்ணில் படாத அந்தத் தட்டையான அடிப்பாகத்தில்தான் துப்பாக்கி செய்த நாட்டுச் சோதனைச் சாலையின் முத்திரை இருக்கும். எண்ணெய்த் துணியால் துடைத்ததும் முட்டை வடிவக் கோட்டுக்குள் ஈ, எல், ஜி என்ற எழுத்துகள் தெரிந்தன.

“இது பெல்ஜியம் முத்திரைங்க ஐயா. உரிமத்துல இங்கிலாந்துன்னு இருக்கு.”

“முத்திரையை மட்டும் வெச்சு அறிக்கை எழுத முடியுமா?”

“எண்ணையும் பாருங்க.” முன்கட்டையின் இரும்பில் 482 என்றிருந்தது. வளையத்தில் மட்டும் 7316. பூதக்கண்ணாடியை அவரிடம் நீட்டினாள். வளையமெல்லாம் துருவேறிக் கறுத்திருக்க, இலக்கங்களின் பள்ளம் மட்டும் பளபளத்தது. “புதுசா அடிச்சது.”

பிறகு லீலாவதியின் துப்பாக்கி. குழலின் அடியில் கிரீடமும், குறுக்காக வைத்த இரண்டு செங்கோல்களும். இங்கிலாந்து முத்திரை. குழலில் 7316, முன்கட்டை இரும்பில் 7316, வளையத்தில் 7316. மூன்றும் ஒரே கையால் அடித்தவை போல, ஒரே அளவு தேய்ந்திருந்தன.

சுகுணா குழலைக் கம்பளியில் வைத்தாள். “இதுதாங்க ஐயா அசல்,” என்றாள். அப்போதுதான் லீலாவதியைப் பார்த்தாள். அவர் அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“ஏனுங்க, போன வருசம் கட்டையில விரிசல்னு ஒருத்தன் ஊட்டுக்கு வந்து பழுது பார்த்தானுங்க. எம்பட துப்பாக்கி நம்பரை அவனைத் தவிர வேற ஆரும் பார்க்கலீங்க.”

செந்தில்நாதன் ஆளனுப்பினார். மறுநாளே அந்த ஆள் பிடிபட்டான். வேட்டைக்காரர்கள் மாட்டினாலும் உரிமத் துப்பாக்கி என்று சொல்லித் தப்பலாமென, பெல்ஜியம் துப்பாக்கியில் அந்த எண்ணைப் பொறித்து அவர்களுக்கு விற்றதாக ஒப்புக்கொண்டான்.

துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்த அன்று, லீலாவதியை வீடுவரை ஜீப்பில் கொண்டுபோய் விடச் சுகுணாவிடம் சொன்னார் இன்ஸ்பெக்டர். லீலாவதி கைகூப்பினார்.

“கடைவீதியிலயே எறக்கி உட்டுருங்க. நடந்தே போய்க்கிறனுங்க.”

பந்தலூரில் இறங்கி, உறையிட்ட துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டார். சீருடையில் சுகுணாவும் கூட நடந்தாள். டீக்கடையில் கமிட்டித் தலைவர் தினகரன் எழுந்து நின்று, “வாங்கக்கா, டீ குடிச்சுட்டுப் போலாம்,” என்றார்.

“கூட்டத்துக்குக் கூப்பிடுங்க, வர்றேன். டீயை அங்க குடிச்சுக்கறேன்,” என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடந்தார் லீலாவதி.

பறித்த தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுவிட்டுக் கூடையோடு எதிரே வந்த சுகுணாவின் அம்மா தெய்வம்மா, சாலையோரம் நின்றுவிட்டாள். கூட வந்த பெண்களிடம் ஊரே கேட்கிற குரலில் சொன்னாள்:

“பார்த்தீங்களா, அது என்ட மகள்!”